இடது கைக்கு ஒரு பந்து

அத்தியாயம் பதினொன்று

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி பஸ்ஸில் ஆண்டியப்பன் வந்து இறங்கினான். தோளில் ஒரு சணல் சாக்கு. அதற்குள் உருண்டையாக ஏதோ கனத்தது. இறங்கியவன் நேரே தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போகவில்லை. கிளப் ரோட்டு முனையில், பனி சொட்டும் மரத்தடியில் நின்றுகொண்டான்.

தங்கச்சி வீட்டு வாசலை மிதித்து அவனுக்கு நாலு வருஷமாகிறது. அவன் பேசி முடித்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, துரைமார் கிளப்பில் வேலை செய்யும் அழகுமுத்துவைக் கட்டிக்கொண்டவள் அவள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

போன ஞாயிறு அதே சண்முகவடிவு, கொழுந்துக் கூடையில் ஒரு பழைய பந்தைப் போட்டு முதுகில் சுமந்துகொண்டு, அண்ணன் மிஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருக்கும் தேயிலை பேக்டரிக்கு ஆறு மைல் நடந்து போனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு தகரத் தட்டில் ஈரக் களிமண்ணை வைத்து, இடது கையை அதில் அழுத்தி எடுத்தாள். "அண்ணே, இந்தக் கைக்கு இந்தப் பந்துல தொளை போட்டுக் குடுங்க" என்றாள். அவன் முடியுமென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. அவளும் நின்று கேட்காமல் திரும்பிவிட்டாள்.

பால் வாங்கப் போன ராசம்மாதான் மரத்தடியில் நிற்பவனைப் பார்த்தாள். வடிவோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவள், லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் இருப்பவள். ஓடி வந்து கதவைத் தட்டினாள்.

"அடியே வடிவு, ஒங்க அண்ணன் வந்து ரோட்டுல நிக்கிறாரு! கையில சாக்கு!"

வடிவு ஈரத் தலையை முடிந்துகொண்டே ஓடினாள்.

ஆண்டியப்பன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சாக்கைக் கீழே வைத்து வாயை அவிழ்த்தான். கறுப்புப் பந்து புதுசுபோல் பளபளத்தது. பழைய மூன்று துளைகளிலும் கருங்காலி ஆப்பு அடித்து, அரம் போட்டு, இருந்த இடம் தெரியாமல் இழைத்திருந்தான். அதன் மறுபக்கத்தில் புதுசாக மூன்று துளைகள்.

"போட்டுப் பாரு."

வடிவு இடது கைப் பெருவிரலை நுழைத்தாள். நடுவிரல், மோதிரவிரல். தூக்கினாள். பன்னிரண்டு ராத்தல் பந்து, உள்ளங்கையில் ஒட்டிப் பிறந்ததுபோல் உட்கார்ந்தது.

"சரியா இருக்கா?"

"இருக்குண்ணே."

ஆண்டியப்பன் காலிச் சாக்கை மடித்தான். "ஏழு வயசுல ஒன்னோட இந்தக் கைய முந்தானைத் துணியால முதுகோட கட்டி வச்சு, சோத்துக் கையால சாப்புடுன்னு ஒன்னைய அழ வச்சவன் நான். அய்யா சொன்னாருன்னு கட்டினேன். அந்த அச்சப் பாத்துக்கிட்டு மூணு நாளு ஒண்ணும் செய்யல. நாலாம் நாளுதான் மிஷின்ல ஏத்தினேன்."

வடிவு பந்தை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வாங்கண்ணே. தேத்தண்ணி குடிச்சிட்டு..."

"நான் ஆட்டம் பாக்க வந்தேன்" என்றான் ஆண்டியப்பன். "ஒன் வீட்டுக்கு வரல."

*

இந்தப் பந்தாட்டத்தை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. நீளமான பலகைத் தளத்தின் கோடியில் பத்துக் கட்டைகளை முக்கோணமாக நிறுத்தி வைப்பார்கள். இந்தக் கோடியிலிருந்து பந்தை உருட்டி அவற்றைச் சாய்க்க வேண்டும். ஒரு முறைக்கு இரண்டு உருட்டு; ஓர் ஆட்டத்துக்குப் பத்து முறை. தளத்தின் இருபக்கமும் கான் என்கிற பள்ளம் ஓடுகிறது. பந்து கானில் விழுந்தால் ஒன்றுமில்லை. முதல் உருட்டிலேயே பத்தும் விழுந்தால் அதற்குப் பெயர் ஸ்ட்ரைக்.

இலங்கை மலைநாட்டின் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் அந்தக் கிளப்பில் மட்டும் இப்படி இரண்டு தளம் இருந்தது. அவற்றைத் துடைத்து, எண்ணெய் பூசி, கட்டை நிறுத்துவது அழகுமுத்துவின் வேலை. வாரத்தில் இரண்டு நாள் கூடத்தைக் கூட்டித் துடைக்க வடிவுக்கும் கிளப்பில் பேர் பதிந்திருந்தது. கிளப் மூடியிருக்கும் திங்கட்கிழமைகளில், கணவன் கட்டை நிறுத்த, அவள் உருட்டிப் பழகினாள். இரண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. போன மாதம் ஒரு கமிட்டித் துரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். 'மெம்பர்களின் தளத்தில் கொழுந்துக்காரி விளையாடுகிறாள். அனுமதித்தவனை வேலையை விட்டு நீக்க வேண்டும்' என்று புகார் எழுதிக் கொடுத்தார்.

விசாரிக்க வந்தவர் கிளப் செக்ரட்டரி நாகரத்தினம். விசாரித்துவிட்டு, "எங்கே, ஒரு தடவை உருட்டு பார்ப்போம்" என்றார். உருட்டினாள். அன்றோடு அவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்.

அறுபத்து நாலாம் வருஷத்துக் கோப்பைக்காக உடப்புசல்லாவைப் பக்கத்துக் கிளப் இன்று வருகிறது. பக்கத்துக்கு நாலு பேர். அதில் இரண்டு பெண்கள். ஆளுக்கு இரண்டு ஆட்டம். இவர்கள் பக்கம் ஒரு துரைசானி போன மாதம் கப்பலேறிச் சீமைக்குப் போய்விட்டாள். போகும்போது தன் பழைய பந்தை வடிவிடம் கொடுத்துவிட்டுப் போனவள் அவள்தான். அந்தக் காலியிடத்தில் நாகரத்தினம் வடிவின் பேரை எழுதினார். மெம்பர், மெம்பர் குடும்பம், அல்லது கிளப் ஊழியர் ஆடலாம் என்று விதியில் இருந்தது.

"ஆட்டத்துக்கு மறுநாள்தான் கமிட்டி கூடி உன் புருஷன் விஷயத்தைப் பேசுகிறது" என்று அவர் வடிவிடம் சொல்லியிருந்தார். "ஞாயிற்றுக்கிழமை நீ எப்படி ஆடுகிறாயோ, அதுதான் மறுநாள் நான் பேசப் போகிற பேச்சு."

வேலை போனால் வீடும் போகும். லயத்தில் கிளப் வாங்கிக் கொடுத்த காம்பராதான் அது.

*

காலை ஒன்பது மணிக்கு அழகுமுத்து தளத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். வலது பக்கம் எவ்வளவோ, இடது பக்கமும் அவ்வளவே. ஒவ்வொரு பலகையாகக் குனிந்து விளக்கொளியில் பார்த்தான். இன்று அவன் பெண்டாட்டி ஆடுகிறாள் என்பதற்காக ஒரு சொட்டு கூடவோ குறையவோ கூடாது.

வடிவு பந்தைக் கொண்டுவந்து காட்டினாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். துளைகளின் விளிம்பைத் தடவிப் பார்த்தான். விரலில் ஒரு பிசிறு படவில்லை.

"மச்சான் கை மச்சான் கைதான்" என்றான். "வெளியிலயா நிக்கிறாரு?"

"உள்ள வர மாட்டேங்கிறாரு."

"விடு. மொதல்ல போட்டுப் பாரு."

வடிவு காலில் மாட்டியிருந்தது கிளப்பின் கேன்வாஸ் சப்பாத்து. வலது கைக்காரர்கள் கடைசி அடியில் இடது காலால் வழுக்கிப் போவார்கள். அதனால் கிளப்பில் இருக்கிற சப்பாத்துகளுக்கெல்லாம் இடது காலில்தான் தோல் அடி, வலதில் ரப்பர். இடது கைக்காரி அதைப் போட்டு ஓடினால் வலது கால் பசைபோல் ஒட்டிக்கொண்டு முகம் குப்புற விழ வேண்டியதுதான். விழுந்தும் இருக்கிறாள். அழகுமுத்துதான் ரப்பரைப் பெயர்த்துவிட்டு வலது காலுக்குத் தோல் தைத்துக் கொடுத்தான்.

நாலு அடி. இடது, வலது, இடது, வலது. கடைசி அடியில் வலது கால் வழுக்க, இடது கை பின்னாலிருந்து ஊஞ்சல்போல் முன்னால் வந்தது. பந்து கையை விட்டு ஓர் இமைப்பொழுது முன்னதாகவே கழன்று, 'டொக்' என்று பலகையில் விழுந்தது.

"பெருவெரலு லூசா இருக்கு" என்றாள். "அண்ணங்கிட்ட அச்சுக் குடுத்தது உச்சி வெயில்ல. இப்ப குளுருல வெரலு சுருங்கியிருச்சு. விழுந்துருமோன்னு இறுக்கிப் புடிக்கிறேன். இறுக்கினா கை திரும்புது."

அழகுமுத்து கிளப் மருந்துப் பெட்டியைத் திறந்து பிளாஸ்திரிச் சுருளை எடுத்தான். விரலகலத் துண்டுகளாக வெட்டி, பெருவிரல் துளையின் உள்சுவரில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று ஒட்டினாள் வடிவு. மறுபடி உருட்டினாள். இந்தத் தடவை சத்தமே இல்லை. பந்து பலகையின்மேல் பூனைபோல இறங்கிப் போனது.

"இப்ப புடிக்கவே வேண்டியதில்ல" என்றாள். "அதுவா கூட வருது."

*

இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியபோது கூடத்தின் ஜன்னல்களில் கண்ணாடி தெரியவில்லை, முகங்கள்தான் தெரிந்தன. கம்பளியைப் போர்த்திக்கொண்டு லயத்துப் பெண்கள் மூடுபனியில் நின்றார்கள். முன்வரிசையில் ராசம்மா. பின்னால் தலைப்பாகையோடு ஆண்டியப்பன்.

உடப்புசல்லாவைக் கேப்டன் வீரசிங்க துரை. நாற்பது வயது, உயரமான ஆள். தோட்டத்தை நடத்தி நடத்தித் தமிழ் நன்றாகப் பேசுவார். வடிவைப் பார்த்ததும் புருவத்தை மட்டும் உயர்த்தினார். ஆனால் தளத்தின் கோடியில், கட்டைகள் விழும் குழியருகே நின்ற அழகுமுத்துவைக் கண்டபோது கேட்டார்.

"கட்டை நிறுத்துறது அந்தப் பெண்ணோட புருஷன்தானே?"

"ஆமாம்" என்றார் நாகரத்தினம். "வேறு ஆள் எங்களிடம் இல்லை."

வீரசிங்க துரை தளத்தின் ஓரமாக நடந்து கோடிவரை போனார். தரையில் பத்துக் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு கட்டையும் புள்ளியின் நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். இரண்டு தளத்தையும் பார்த்தார். நிமிர்ந்து அழகுமுத்துவின் தோளில் கை வைத்தார்.

"நூல் பிடிச்சு வச்சியா?"

"இல்லீங்க தொர. கண்ணாலதான்."

"எங்க கிளப்புக்கு வந்துடு" என்று சிரித்துவிட்டுத் திரும்பினார்.

முதல் ஆட்டத்தில் வடிவு தடுமாறினாள். திங்கட்கிழமைகளில் அவள் பழகியது எண்ணெய் காய்ந்த பலகையில். இன்று புது எண்ணெய். மற்ற ஏழு பேரும் வலது கைக்காரர்கள். அவர்கள் பந்தெல்லாம் வலது பக்கப் பலகைகளில் ஓடி அங்கே எண்ணெயை வழித்துக்கொண்டு போயிற்று. இடது பக்கத்தில் யாருமே கால் வைக்காத புது வழி. அவள் பந்து அங்கே வளையாமல் வழுக்கிக்கொண்டே போய், முன்கட்டையைத் தொடாமல் இடப்பக்கக் கட்டைகளை மட்டும் தள்ளியது.

நாலு. அடுத்ததில் மூன்று. அப்புறம் ஐந்து.

ஜன்னலில் யாரோ 'ச்சூ' கொட்டினார்கள். கோடியில் உட்கார்ந்திருந்த அழகுமுத்துவுக்கு அவள் முகம் தெரியாது. மேலே மறைப்புப் பலகை. அதற்குக் கீழே அவள் கால்கள் மட்டும்தான் தெரியும். அந்தக் கால்கள் வந்து நிற்கும் இடத்தையே பார்த்தான்.

நாலாவது முறை வலது கால் இரண்டு பலகை இடதுபக்கம் தள்ளி நின்றது.

'பாத்துட்டா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

பந்து இடதுபக்கம் தப்பினால் நிற்கும் இடத்தையும் இடதுபக்கம் நகர்த்த வேண்டும். குறி அதே இடம்தான். நடையையும் கொஞ்சம் தணித்தாள். மெதுவாகப் போகிற பந்துக்கு வளைய நேரம் கிடைக்கும். பந்து கான் ஓரமாகப் போய், முக்கால் தூரம் தாண்டியதும் வலதுபக்கம் திரும்பி, முன்கட்டைக்கும் அதன் இடப்பக்கக் கட்டைக்கும் நடுவில் புகுந்தது. பத்தும் ஒரே சத்தத்தில் பறந்தன.

"ஸ்ட்ரைக்!" என்று கத்தினார் நாகரத்தினம்.

"ஸ்ட்ரைக்கா?" என்றாள் வெளியே ராசம்மா. "எந்தத் தோட்டத்துலயாம்?"

"ஒன் சிநேகிதிதான் பண்ணிட்டா" என்றான் ஆண்டியப்பன். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் நிலைமை தலைகீழானது. வலது பக்கம் எண்ணெய் தீர்ந்து போயிற்று. மற்றவர்களின் பந்துகள் வேண்டாத இடத்திலேயே வளைந்து, குறி தப்பின. வடிவின் வழி மட்டும் காலையில் பூசியது பூசியபடி இருந்தது. அவள் எட்டும் ஒன்பதுமாகச் சாய்த்துக்கொண்டே வந்தாள்.

ஐந்தாவது முறையில் பந்து கையைவிட்டுக் கழலவில்லை. பெருவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மேலே எழும்பிப் போய்க் கானில் விழுந்தது. கூடம் முழுக்க அடுப்புச் சூடும் ஆள் சூடும். விரல் வீங்கிவிட்டது.

வடிவு யாரையும் கேட்கவில்லை. பந்தை மடியில் வைத்து உட்கார்ந்தாள். நகத்தால் துளைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்திரியை உரித்தாள். விரலை விட்டு எடுத்துப் பார்த்தாள். இன்னொன்றையும் உரித்தாள். பிறகு எழுந்தாள்.

வீரசிங்க துரை அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

*

இரண்டாவது ஆட்டத்தின் ஒன்பதாவது முறை. உடப்புசல்லாவைக்காரர்கள் நாலு பேரும் பத்து முறையும் முடித்துவிட்டார்கள். இவர்கள் பக்கத்திலும் மூன்று பேர் முடித்துவிட்டார்கள். மிச்சம் வடிவு மட்டும்.

முதல் உருட்டில் எட்டு விழுந்தது. இடது ஓரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு நின்றன. இரண்டாவது உருட்டில் முன்னால் நின்ற கட்டை பறந்தது. பின்னால் நின்றது அசையவில்லை. பறந்த கட்டை குழிக்குள் எதிலோ பட்டுத் திரும்பி வந்து, நின்றதையும் சாய்த்தது.

கூடமே கைதட்டியது. இரண்டு உருட்டில் பத்தும் விழுந்தால் அதற்கு ஸ்பேர் என்று பேர். அடுத்த உருட்டில் விழுவதும் அந்தக் கணக்கோடு சேரும். நாகரத்தினம் கரும்பலகையில் எழுதச் சுண்ணாம்புக் கட்டியை எடுத்தார்.

"ஐயா, எழுதாதீங்க."

கோடியிலிருந்து வந்தது குரல். அழகுமுத்து குழியிலிருந்து எழுந்து நின்றான்.

"அந்தக் கட்டை என் கால்ல பட்டுத் திரும்புனது. சுவத்துல படல. நான் காலை மேல தூக்கியிருக்கணும். இவ உருட்டுறதையே பாத்துக்கிட்டு மறந்துட்டேன். ஆளு மேல பட்டு விழுந்தா கணக்கில்ல."

யாரும் பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் முடியாது. அவன் வாயைத் திறக்காவிட்டால் அது அவனுக்குள்ளேயே புதைந்துபோகும். ஆனால் அவன் சொல்லிவிட்டான். அவனுடைய வேலை, வீடு எல்லாம் அந்த ஒரு கட்டையில் நின்றுகொண்டிருக்கும்போது சொன்னான்.

நாகரத்தினம் சுண்ணாம்புக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வடிவைப் பார்த்தார்.

வடிவு கோடியைப் பார்த்தாள். இத்தனை தூரத்தில், அவன் எழுந்து நின்றதால், மறைப்புப் பலகைக்கு மேலே, ஆட்டம் தொடங்கியபின் முதன்முறையாகப் புருஷனின் முகம் தெரிந்தது.

"அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும் ஐயா" என்றாள். "ஒம்பதுன்னே எழுதுங்க."

ஜன்னலுக்கு வெளியே ஆண்டியப்பன் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நாகரத்தினம் கூட்டிப் பார்த்துச் சொன்னார். "அவர்கள் ஆயிரத்து நூற்று இருபத்தாறு. நாங்கள் ஆயிரத்து நூற்றெட்டு. சமமாக்கப் பதினெட்டு வேண்டும். ஜெயிக்கப் பத்தொன்பது."

கடைசி முறையில் இரண்டு உருட்டுக்குள் பத்தும் விழுந்தால் மூன்றாவதாக ஓர் உருட்டு உண்டு. அது கிடைத்தால்தான் பத்தொன்பதைப் பற்றி நினைக்கவே முடியும்.

முதல் பந்து குறி தப்பாமல் போய்ச் சேர்ந்தது. ஒன்பது விழுந்தன. இடது பின்மூலையில் ஒற்றைக் கட்டை நின்றது.

வடிவு வலது ஓரத்துக்குப் போனாள். இடது மூலைக் கட்டையைத் தளத்தின் குறுக்காக அடிப்பதுதான் வழக்கம். கால் எடுத்து வைக்கப் போனவள் நின்றாள். குனிந்து தரையைப் பார்த்தாள்.

இது வலது பக்கம். இன்று இதுவரை அவள் பந்து போகாத பக்கம். எண்ணெய் காய்ந்து பலகை வெளுத்திருந்தது. வழக்கம்போல் கையைத் திருப்பி விட்டால், இந்தக் காய்ந்த பலகை பந்தைப் பிடித்துப் பாதியிலேயே வலதுபக்கம் இழுத்துவிடும். கட்டைக்குப் பக்கத்தில்கூடப் போகாது.

மணிக்கட்டை நேராக்கினாள். உள்ளங்கை கட்டையைப் பார்க்கட்டும். கடைசிவரை திரும்பக் கூடாது. நடையைக் கூட்டினாள். நாலு அடி.

பந்து ஒரு கோடு இழுத்ததுபோல் நேராகப் போய் மூலைக் கட்டையைத் தூக்கிக் குழிக்குள் எறிந்தது.

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.

அழகுமுத்து பத்துக் கட்டையையும் நிறுத்தினான். ஒவ்வொன்றையும் புள்ளியின் நடுவில் வைத்து, கையை எடுத்து, ஒரு கணம் பார்த்து, அடுத்ததுக்குப் போனான். பிறகு குழிக்குமேல் ஏறி, இரண்டு காலையும் நெஞ்சுவரை மடக்கிக் கட்டிக்கொண்டான்.

அந்தக் கால்கள் வந்தன. இடது, வலது, இடது, வலது. பந்து கான் ஓரமாக வந்தது. அவன் வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் பந்து இப்படி அவனை நோக்கி வந்திருக்கிறது. எதற்கும் அவன் கண்ணை மூடியதில்லை. இதற்கு மூடினான்.

சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது ஒரே ஒரு கட்டை நின்றுகொண்டிருந்தது.

அது நின்றால் நிற்கட்டும். மற்ற ஒன்பதும் குழிக்குள் கிடந்தன.

*

ராசம்மா ஜன்னல் வழியாகவே உள்ளே குதித்துவிட்டாள். அவளைத் தொடர்ந்து யார் யாரோ. மெம்பர் அல்லாதவர்கள் நுழையக் கூடாது என்று எழுதியிருந்த பலகை யாருடைய கம்பளியிலோ மாட்டிக்கொண்டு கீழே விழுந்தது. துரைசானிகள் வடிவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எந்தக் கையைக் கொடுப்பது என்று யோசித்தவள், இடது கையையே கொடுத்தாள்.

நாகரத்தினம் சட்டைப் பையிலிருந்து புகார்க் கடிதத்தை எடுத்தார்.

"நாளைக்குக் கமிட்டியில் இதை நானே வாசிக்கப் போகிறேன்" என்றார். "யார்மேல் புகார் என்று கேட்பார்கள். கட்டை என் கால்ல பட்டுச்சுன்னு சொன்னானே, அவன்மேல்தான் என்பேன். அப்புறம் எவர் வாயைத் திறக்கிறார் என்று பார்க்கிறேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆண்டியப்பன் தளத்தின் ஓரமாகக் கோடிக்கு நடந்தான். அழகுமுத்து சிதறிய கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். முழங்காலுக்குக் கீழே ஒரு கோழி முட்டை அளவுக்குக் கன்றிப் போயிருந்தது. ஆண்டியப்பன் அதைப் பார்த்தான். நாலு வருஷத்துக்குப் பிறகு, தங்கச்சி புருஷனிடம் அவன் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"பலமான அடியா, மாப்புள?"

"இல்ல மச்சான். லேசாத்தான்."

"பொய் சொல்லாதீங்க. ஒங்களுக்கு அது வராது."

ஆண்டியப்பன் குனிந்து, மிச்சக் கட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தான். இருவரும் தூக்கி அடுக்கினார்கள். வடிவு தளத்தின் நடுவில் நின்று அதைப் பார்த்தாள். கோப்பையை வாங்கியபோதுகூடக் கலங்காத கண் அப்போது கலங்கியது.

"சண்முகவடிவு."

திரும்பினாள். வீரசிங்க துரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்களை ஜெயிச்சிட்டே. எனக்கு அதுல வருத்தம் இல்ல. கொழும்புல என் சிநேகிதர் ஒருத்தர் பெரிய பந்துக்கூடம் கட்டுறார். எட்டுத் தளம். பெண்களுக்குச் சொல்லிக் குடுக்க ஒரு பெண் வேணும்னு ஆறு மாசமா தேடுறார். ஆட்டம் தெரிஞ்சவங்க கிடைப்பாங்க. பந்து கையில ஏன் ஒட்டுது, பலகை எங்க காஞ்சு போச்சுன்னு தானே பார்த்துத் தெரிஞ்சுக்கிறவங்க கிடைக்க மாட்டாங்க. சம்பளமும் வீடும் உண்டு. நீ வர்றியா?"

கோடியிலிருந்து அழகுமுத்துவும் ஆண்டியப்பனும் வந்து சேர்ந்திருந்தார்கள்.

"கொழும்பா?" என்றான் ஆண்டியப்பன் அவசரமாக. "அதெல்லாம் நமக்குச் சரிப்படாதுங்க தொர. பொம்பளப் புள்ள, ஊரு பேரு தெரியாத எடத்துல..."

அழகுமுத்து அவன் கையைத் தொட்டான். "மச்சான், தொர கேட்டது நம்மள இல்ல."

"அது இல்ல மாப்புள, நீங்களாவது..."

"என்னையும் இல்ல" என்றான் அழகுமுத்து. அந்த எட்டுத் தளத்தில் தனக்கு இடம் இருக்குமா என்று துரை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை அவனும் கவனித்திருந்தான். ஆனாலும் நிமிர்ந்தே நின்றான். "வடிவு, ஒன்னையத்தான் கேக்குறாரு. நீ சொல்லு."

பிறந்ததிலிருந்து அவளுக்காக அய்யா பதில் சொல்லியிருக்கிறார். அண்ணன் சொல்லியிருக்கிறான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி சொல்லியிருக்கிறார். இப்போது இத்தனை ஆண்கள் நிற்கிற இடத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

வடிவு கையிலிருந்த பந்தை மெல்லத் தூக்கி இடுப்பில் இருத்திக்கொண்டாள்.

"நான் வந்து மொதல்ல அந்தப் பலகையப் பாக்கணும் தொர" என்றாள். "பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."